ஆச்சியின் ஆகாரமும் அம்மாவின் அனுதின உணவும்

எங்கள் வீட்டில் ஒரே ஜெபம் இரண்டு விதமாகச் சொல்லப்பட்டது. அப்பாவைப் பெற்ற ஆச்சி திருநெல்வேலிச் சீமைப் புராட்டஸ்டண்ட். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பரமண்டல ஜெபத்தில் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்பாள். அம்மா தூத்துக்குடிக் கத்தோலிக்க வீட்டிலிருந்து வந்தவள். அவள் வாயில் அதே வரி "எங்கள் அனுதின உணவை எங்களுக்கு இன்று அளித்தருளும்" என்று வரும். சேர்ந்து ஜெபம் பண்ணும்போது அந்த இடத்தில் மட்டும் குரல்கள் பிரிந்து, அடுத்த வரியில் எப்படியோ ஒன்றாகிவிடும். சின்ன வயதில் இது எனக்கு விளையாட்டாக இருந்தது. ஒருநாள் ஆச்சியிடம், வேண்டிய சோறும் தினச் சோறும் ஒன்றா என்று கேட்டேன். "சோறு வந்தாச் சரிதாம்ல" என்று முடித்துவிட்டாள்.

முப்பது வருஷம் கழித்து, ஊரடங்குக் காலத்தில் வேறு வேலை இல்லாமல் கிரேக்க எழுத்துகளைக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தபோதுதான் அந்தக் கேள்வி மறுபடி வந்தது. நான் இறையியல் படித்தவன் அல்ல, கணக்கு எழுதுகிறவன். புதிய ஏற்பாட்டை மூலத்தில் தட்டுத்தடுமாறி வாசித்துக்கொண்டு மத்தேயு 6:11-க்கு வந்தேன். வேண்டிய, அனுதின என்று ஆச்சியும் அம்மாவும் சொன்ன இடத்தில் இருக்கும் சொல் எபியூசியோஸ். அகராதியைப் பிரித்தால் பொருளுக்குப் பதில் ஒரு சண்டை இருந்தது. நாலைந்து விளக்கம், ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர்கள், எதுவும் முடிவில்லை.

என்ன காரணம் என்றால், இந்தச் சொல் வேறு எங்கும் இல்லை. ஹோமரில் இல்லை, பிளேட்டோவில் இல்லை, எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த செப்துவஜிந்தில் இல்லை. மத்தேயுவில் ஒருமுறை, லூக்கா 11:3-ல் ஒருமுறை, அப்புறம் திதாகே என்ற ஆதித் திருச்சபைக் கையேட்டின் எட்டாம் அதிகாரத்தில் ஒருமுறை. அந்தக் கையேடு 1873-ல் கான்ஸ்டான்டினோபிளில் ஒரு கைப்பிரதியில் அகப்பட்டு 1883-ல் அச்சானது. மூன்று இடமும் ஒரே ஜெபத்தின் ஒரே வரி. ஆக, உலகத்தில் இந்தச் சொல்லுக்கு இருக்கும் வீடு ஒன்றே ஒன்று. அதற்கப்புறம் வந்த கிரேக்க எழுத்தாளர்கள் இதைப் பயன்படுத்துவதெல்லாம் இந்த ஜெபத்தைப் பற்றிப் பேசும்போதுதான்.

அந்தக் காலத்து ஆட்களுக்காவது தெரிந்திருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். ஓரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர் அலெக்சாந்திரியாவில் பிறந்தவர், தாய்மொழியே கிரேக்கம், படிப்பில் அவரை மிஞ்ச அந்த நூற்றாண்டில் ஆள் கிடையாது. அவர் கி.பி. 230-களில் ஜெபத்தைப் பற்றி எழுதிய நூலில், இந்தச் சொல்லைக் கிரேக்க அறிஞர்கள் யாரும் எழுதியதில்லை, பாமர மக்கள் பேச்சிலும் இது இல்லை, சுவிசேஷகர்களே உண்டாக்கினார்கள் போலிருக்கிறது என்கிறார். மத்தேயு எழுதப்பட்டு நூற்றைம்பது வருஷம்கூட ஆகியிருக்காது. அதற்குள் சொல் அநாதையாகிவிட்டது.

சரி, சொல்லைப் பிரித்துப் பார்ப்போம் என்றால் அங்கேயும் சிக்கல். எபி என்பது முன்னொட்டு: மேல், மீது, நோக்கி என்று இடத்துக்கேற்பப் பொருள் மாறும். மிச்சம் ஊசியா என்றால் (தையல் ஊசி அல்ல) இருப்பு, உள்பொருள். அப்படிக் கொண்டால் உயிர் தரித்திருக்கத் தேவையான அப்பம் என்றும் சொல்லலாம், எல்லாப் பொருளுக்கும் மேலான அப்பம் என்றும் சொல்லலாம். இன்னொரு வழி, எபியேனாய் என்ற வினை, அதாவது வந்துசேர்தல். அதிலிருந்து பிறந்த எபியூசா என்றால் வருகிற நாள், மறுநாள். இது புழக்கத்தில் இருந்த சொல்தான். அப்போஸ்தலர் நடபடிகள் 16:11-ல் பவுல் கப்பலேறி "மறுநாளிலே" நெயாப்போலி பட்டணம் போய்ச் சேருகிறாரே, அங்கே இருப்பது இதுதான்.

புணர்ச்சி விதி இந்த இரண்டாவது வழிக்குச் சாதகம். நாடு என்பதோடு எல்லாம் சேர்ந்தால் நடுவில் இருக்கும் உகரம் கெட்டு நாடெல்லாம் ஆவது மாதிரி, எபி என்பதோடு உயிரெழுத்தில் தொடங்கும் சொல் சேர்ந்தால் இகரம் பொதுவாக விழுந்துவிடும். ஊசியாவோடு சேர்ந்திருந்தால் எபூசியோஸ் என்று வந்திருக்க வேண்டும். எபியூசாவில் இகரம் நிற்பதற்குக் காரணம், அங்கே எபியோடு சேர்ந்த வினையே இகரத்தில் தொடங்குவது. ஆனால் பொய்ச்சத்தியம் செய்பவனைக் குறிக்கும் எபியோர்கோஸ் போன்ற சில சொற்களில் இகரம் விழாமலே நிற்கிறது. அதனால் இதை வைத்து வழக்கை முடித்துவிட முடியாது.

சொல்லைப் பிரித்தால் பொருள் வரும் என்ற நம்பிக்கையே ஆபத்தானது. நம்மிடம் அன்றாடங்காய்ச்சி என்று ஒரு சொல் இருக்கிறது. அன்றைக்குக் கிடைத்த கூலியில் அன்றைக்குக் கஞ்சி காய்ச்சிக் குடிப்பவன். தமிழ் முழுவதும் அழிந்து ஒரே ஒரு ஜெபம் மட்டும் மிஞ்சி, அதில் "அன்றாடங்காய்ச்சிகளான எங்களுக்கு இரங்கும்" என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முந்நூறு வருஷம் கழித்து வேற்றுமொழிக்காரர் ஒருவர் பெயர்க்க உட்காருகிறார். அன்றாடம் அவருக்குத் தெரியும். காய்ச்சி? காய்ச்சலோடு சேர்த்துப் பார்த்து, தினமும் ஜுரத்தில் கிடப்பவர்கள் என்று எழுதுவார். இரும்பைக் காய்ச்சுவது தெரிந்த இன்னொருவர், நாள்தோறும் நெருப்பில் புடமிடப்படுகிறவர்கள் என்று எழுதுவார், அதன் மேல் அழகான பிரசங்கங்கள் நூறு வரும். கஞ்சி என்ற சொல் அந்தச் சொல்லுக்குள்ளேயே இல்லை, பாருங்கள்.

எபியூசியோஸுக்கு நடந்ததும் ஏறத்தாழ இதுதான் என்று எனக்குத் தோன்றும், குறிப்பாக லத்தீனில்.

பழைய லத்தீன் மொழிபெயர்ப்புகள் எளிதாகக் கோத்தீதியானும் என்று போட்டுவிட்டன. தினசரி, அவ்வளவுதான். 382-ல் பாப்பரசர் தமாசு கேட்டுக்கொண்டபடி ஜெரோம் என்ற வேத அறிஞர் லத்தீன் சுவிசேஷங்களைத் திருத்த உட்கார்ந்தார். மத்தேயுவில் அந்தச் சொல்லைத் தூக்கிவிட்டு சூப்பர்சுப்ஸ்தான்சியாலெம் என்று ஒரு புதுச்சொல்லை உருவாக்கினார். எபி என்பது சூப்பர், ஊசியா என்பது சுப்ஸ்தான்சியா, உறுப்புக்கு உறுப்பு வைத்துக் கட்டியது. பொருளுக்கு மேற்பட்ட பொருளான அப்பம். லூக்காவிலும் அதே கிரேக்கச் சொல்தான் இருக்கிறது, அங்கே பழைய கோத்தீதியானுமை அப்படியே விட்டுவிட்டார். ஏன் இப்படிச் செய்தார் என்று நான் ரொம்ப நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். வேடிக்கை என்னவென்றால், 398-ல் எழுதிய மத்தேயு உரையில் அவரே, எபிரேயர் சுவிசேஷம் என்று அழைக்கப்படும் நூலில் இந்த இடத்தில் மஹார், அதாவது நாளை, என்று இருக்கக் கண்டேன் என்று எழுதியிருக்கிறார். மூன்று பொருளும் கையில் இருந்த மனிதர் அவர்.

திருவழிபாட்டில் ஜெரோமின் புதுச்சொல் நுழையவே இல்லை, மக்கள் பழைய கோத்தீதியானுமைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பீட்டர் அபெலார்ட் மட்டும், ஆண்டவர் கற்பித்த முழு ஜெபம் மத்தேயுவில்தானே இருக்கிறது, அதன்படியே சொல்லுங்கள் என்று, எலோயிஸ் தலைவியாக இருந்த பாராக்ளேத் மடத்துக் கன்னியருக்குச் சொல்லிவைத்தார். அங்கே வந்த கிளேர்வோ மடத்துத் தலைவர் பெர்னார்டின் காதில் அந்தச் சொல் விழுந்தது. அவருக்குப் பிடிக்கவில்லை. விஷயம் எலோயிஸ் வழியாக அபெலார்டுக்குப் போய், அவர் பெர்னார்டுக்கு எழுதிய பதில் கடிதம் இன்றும் இருக்கிறது. ஒரு பெயரடைக்காக ஒரு மகானும் ஒரு தத்துவவாதியும் முட்டிக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் ஆச்சியும் அம்மாவும் முட்டிக்கொள்ளாதது பெரிய விஷயம்தான்.

இந்தக் கதையை அம்மாவிடம் போனில் சொன்னேன். பொருளுக்கு மேற்பட்ட அப்பம் என்றால் நற்கருணையைச் சொல்கிறார்கள் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்போ சோத்தப் பத்தி இல்லியா அது?" என்று கேட்டாள். அந்தக் குரலில் இருந்த ஏமாற்றம் எனக்கு ஜெரோமைவிடப் பெரிய விமர்சனமாகப் பட்டது.

கிழக்கே போனால் காற்று மாறுகிறது. சிரியாக் என்பது இயேசு பேசிய அரமேயத்தின் நெருங்கிய உறவு. அதன் பழைய சுவிசேஷப் பிரதியில் அமீனா, நிலையான, எப்போதும் இருக்கிற அப்பம் என்று வருகிறது. ஆமென் பிறந்த அதே வேர். பின்னால் வந்து நிலைத்த பெஷித்தா என்ற சிரியாக் வேதாகமத்தில் அது லஹ்மா த்-சூன்கானன் ஆகிறது, எங்கள் தேவைக்குரிய அப்பம். இதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆச்சியின் வேண்டிய ஆகாரம்! தமிழ் வேதாகமக்காரர்கள் சிரியாக்கைப் பார்த்துத்தான் போட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை, அதற்கு என்னிடம் ஆதாரம் ஒன்றும் கிடையாது. ஊசியாவிலிருந்து தேவைக்கு வரும் வழி ஐரோப்பிய உரைகாரர்களிடமும் உண்டு. ஆனால் சிரியாக் வழிபாட்டு மரபில் வளர்ந்த மலையாளக் கிறிஸ்தவர்கள் சொல்வதைக் கேளுங்கள்: "அன்னன்னு வேண்டுன்ன ஆஹாரம்". ஆச்சியின் வேண்டியதும் அம்மாவின் அனுதினமும் ஒரே மூச்சில்.

என் மனதை மாற்றியது எகிப்துதான். அங்கே கிரேக்கமும் எகிப்தியரின் சொந்த மொழியான காப்டிக்கும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் புழங்கின, இரண்டும் பேசுகிறவர்கள் ஏராளம். தென்பகுதியின் சகிதிக் மொழிபெயர்ப்பு, "வருகிற" அப்பம் என்கிறது. வடக்கின் பொஹைரிக்கில் "நாளைய" அப்பம். கிரேக்கத்தைத் தெருவில் கேட்டு வளர்ந்த இந்த மொழிபெயர்ப்பாளர்கள் காதில் எபியூசியோஸ் விழுந்தபோது அவர்களுக்கு ஞாபகம் வந்தது தத்துவச் சொல்லான ஊசியா அல்ல, எபியூசாதான். இது சின்ன விஷயம் இல்லை.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. நான்காம் நூற்றாண்டில் வுல்ஃபிலா கோத்திக் மொழியில் சின்தைன்ஸ் என்று போட்டார், நித்தமும் உள்ளது என்று பொருள். ஸ்லாவியத்தில் ஜெரோம் பாணியிலேயே உறுப்புக்கு உறுப்பாகக் கட்டிய நஸூஷ்னி என்ற சொல் வந்தது. ஜெரோமின் சொல் செத்துப்போனது, ஆனால் இது பிழைத்துக்கொண்டு இன்றைய ரஷ்யப் பேச்சில் அத்தியாவசியம் என்ற பொருளில் சர்வ சாதாரணமாகத் திரிகிறது. மேலான பொருளாகப் பிறந்து, சோத்துக்கே திரும்பி வந்துவிட்டது. அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டும்.

இப்படிப் பட்டியல் போட்டுவிட்டு ஓட்டு எண்ணத் தோன்றும். நானும் எண்ணினேன், ஒரு நோட்டில் கட்டம் போட்டு. அப்புறம்தான் புரிந்தது, இவை ஒன்றையொன்று சாராத சாட்சிகள் இல்லை. ஒருவர் இன்னொருவரைப் பார்த்திருக்கலாம், எல்லோரும் ஒரே பிரசங்கத்தைக் கேட்டிருக்கலாம். ஜெரோம் பார்த்த மஹார்கூட இரண்டு விதமாக வாதிடக்கூடியது. யோவாகிம் எரேமியாஸ் என்ற ஜெர்மன் அறிஞர், அரமேயம் பேசிய கிறிஸ்தவர்கள் தினமும் சொன்ன ஜெபத்தை யாரும் கிரேக்கத்திலிருந்து பெயர்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள், வாயில் வந்ததையே எழுதியிருப்பார்கள், அதனால் மஹார்தான் மூலம் என்றார். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் அந்த நூலே நம்மிடம் இல்லை. கிரேக்க மத்தேயுவிலிருந்து பெயர்த்ததாக இருந்தால் மஹாரும் எபியூசியோஸைப் பார்த்து ஒருவர் செய்த ஊகம்தான். பழைய மொழிபெயர்ப்பு காலத்தால் நமக்கு முந்தியது என்பதாலேயே விஷயம் தெரிந்தது ஆகிவிடாது. ஓரிகனுக்கே தெரியவில்லையே.

இந்த இடத்தில் நான் அவமானப்பட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். 1889-ல் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி எகிப்தின் ஹவாராவில் தோண்டி எடுத்தவற்றைப் பற்றி வெளியிட்ட புத்தகத்தில், ஏ. எச். சேய்ஸ் என்பவர் ஒரு பாப்பிரஸை (நாணல் தாளில் எழுதிய பழைய ஏடு) வாசித்துக் கொடுத்திருந்தார். வீட்டுச் செலவுக் கணக்கு. கொண்டைக்கடலை இவ்வளவு, இன்னது இவ்வளவு, நடுவில் எபியூசி... அரை ஓபோல் (ஓபோல் என்பது சின்னக் கிரேக்கக் காசு). 1915-ல் வந்த பிரைசிக்கேயின் பாப்பிரஸ் தொகுப்பிலும் அது ஏறியது. 1920-களில் அது எபியூசியோஸ்தான் என்று பேச்சாகிவிட்டது. அப்போது காலமும் அதற்குத் தோதாக இருந்தது. புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் தனி வேதபாஷை இல்லை, கடைத்தெருப் பேச்சுதான் என்று அடோல்ஃப் டைஸ்மான் பாப்பிரஸ்களைக் காட்டி நிரூபித்திருந்தார். கடைசியாக மிஞ்சியிருந்த வேதச்சொல்லும் மளிகைச் சீட்டில் கிடைத்துவிட்டால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது? தினப்படி என்று அர்த்தம் சொன்னார்கள்.

எனக்கும் வந்தது. ஒரு பழைய அகராதியில் இதைப் படித்துவிட்டு, எங்கள் சபை வேதபாட வகுப்பில் எழுந்து, கொண்டைக்கடலைக்குப் பக்கத்தில் கர்த்தருடைய ஜெபத்தின் சொல் இருக்கிறது என்று கையை ஆட்டி அரைமணி நேரம் பேசினேன். படி என்ற சொல்லையும் விடவில்லை. நீதிமொழிகள் 30:8-ல் "என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்" என்று தமிழில் எவ்வளவு அழகாக இருக்கிறது, அந்தப் படிதான் இந்தப் படி என்று முடித்தேன். கைதட்டாத குறை. இரண்டு வாரம் கழித்துத்தான் மிச்சக் கதை கண்ணில் பட்டது. அந்தப் பாப்பிரஸ் காணாமல் போய்விட்டது, 1950-களில் புரூஸ் மெட்ஸ்கர் என்ற புதிய ஏற்பாட்டு அறிஞர் சரிபார்க்க நினைத்தபோது கையில் இல்லை. 1998-ல் யேல் பல்கலைக்கழகச் சேகரிப்பில் அடையாளம் காணப்பட்டது. நைமன், வார்ப் என்ற இருவர் திரும்ப வாசித்து 1999-ல் எழுதினார்கள்: சேய்ஸ் தவறாக வாசித்திருக்கிறார், அங்கே இருப்பது எலையூ. எண்ணெய். நூறு வருஷமாகப் பேசிய ஆதாரம் அரை ஓபோல் எண்ணெய்.

அடுத்த வகுப்பில் எழுந்து திருத்திச் சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஐயா, "தம்பி, கொண்டைக்கடலையாவது நிஜமா?" என்றார். கொண்டைக்கடலை நிஜம்தான்.

சரி, நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், எகிப்தியர் பக்கம். வருகிற நாளுக்கான அப்பம். 1881-ல் வந்த ஆங்கிலத் திருத்திய மொழிபெயர்ப்பும் ஓரக்குறிப்பில் இதைத்தான் கொடுத்தது. தினசரி என்று கொண்டால் லூக்காவில் இடிக்கிறது, அங்கே "நாள்தோறும்" என்று தனியாகவே ஒரு சொற்றொடர் இருக்கிறது. தினசரி அப்பத்தைத் தினசரி தாரும் என்று யார் கேட்பார்கள்? நாளைக்கு என்று கொண்டால் உடனே வரும் ஆட்சேபம், அதே மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்று சொன்னவர் நாளைய அப்பத்தை இன்றே கேட்கச் சொல்வாரா என்பது. நானும் இதில்தான் ரொம்ப நாள் நின்றேன்.

ஆனால் யார் இந்த ஜெபத்தைச் சொன்னார்கள் என்று பாருங்கள். மத்தேயு 20-ல் திராட்சத்தோட்டக் கூலிகளுக்குச் சாயங்காலம்தான் காசு கொடுக்கிறார்கள். கூலிக்காரன் கூலி விடியும் வரை உன்னிடத்தில் இருக்கக்கூடாது என்று லேவியராகமம் 19 சொல்வதும் அதனால்தான். சாயங்காலக் கூலிதான் மறுநாள் அப்பம். தானியம் வாங்கி, திரித்து, புளித்த மாவு சேர்த்துப் பிசைந்து வைத்தால்தான் காலையில் சுட முடியும். நாளைய அப்பம் இன்றைக்கே கையில் வந்தாக வேண்டும், வராவிட்டால் நாளைக்கு அப்பம் கிடையாது. இட்லிக்கு அரைத்துவைக்கிற வீட்டில் இதை விளக்கவே வேண்டாம். சேமித்து வைக்கிறவனின் கவலை வேறு, இன்று ராத்திரி மாவு இருந்தால் போதும் என்கிறவனின் கோரிக்கை வேறு. அன்றாடங்காய்ச்சியின் ஜெபம் இது.

திதாகே இந்த ஜெபத்தை நாளைக்கு மூன்று தடவை சொல்லச் சொல்கிறது. காலையில் சொன்னால் வருகிற நாள் என்பது இதோ முன்னால் விரிந்து கிடக்கிற இன்று. ராத்திரி சொன்னால் அது நாளை. எபியூசா என்ற சொல் இரண்டுக்கும் இடம் கொடுக்கும், நம் "விடிஞ்சா" மாதிரி. ராத்திரி பத்து மணிக்கு "விடிஞ்சா கல்யாணம்" என்கிறோமே, அது.

இந்த ஊகமும் நாளைக்கே ஏதாவது ஒரு பாப்பிரஸில் கவிழலாம். எண்ணெயில் ஒருமுறை வழுக்கியவன் நான். ஆனால் விடிஞ்சா என்று எழுதியதும் ஆச்சியின் ராத்திரிகள் ஞாபகத்துக்கு வந்துவிட்டன. ஜெபத்துக்கு உட்காரும் முன்னால் அடுக்களைக்குள் போய் அரிசிப் பானை மூடியைத் திறந்து பார்ப்பாள். உள்ளே கைவிட்டுத் துழாவுகிற சத்தம் கூடம் வரை கேட்கும். விடிஞ்சா உலைக்கு இருக்கிறது என்று தெரிந்தால் ஒன்றும் சொல்லாமல் வந்து உட்காருவாள். இல்லையென்றால் யாரையாவது பக்கத்து வீட்டுக்கு அனுப்பி ஒரு படி கடன் வாங்கி வரச் சொல்வாள். வாங்கப் போனவர் திரும்பி வரும் வரை ஜெபம் ஆரம்பிக்காது.